ஏஞ்சல் மீன் குஞ்சுகள் நான்கு நாளில் காணாமல் போகின்றன, பொதுத் தொட்டியிலேயே வளர்க்க வழி உண்டா?

மூணடித்தொட்டி (மதுரை)

வணக்கம். இரண்டாவது தொட்டி வாங்க வீட்டில் அனுமதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைக் கேட்டாலும் "தனித் தொட்டி வையுங்கள்" என்றுதான் முதல் பதில் வரும் என்று தெரியும். வாடகை வீடு. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஏஞ்சல் நான்கு, பிளாக் விடோ டெட்ரா எட்டு, அடியில் மேயும் கோரி நான்கு, கண்ணாடியைச் சுரண்டும் டேங்க் கிளீனர் மீன் ஒன்று. டேங்க் கிளீனர் வாங்கும்போது சுண்டுவிரல் அளவு இருந்தது, இப்போது என் உள்ளங்கை நீளம். ஏஞ்சல்களைப் பத்து ரூபாய்க் காசு அளவில் வாங்கி ஒரு வருடம் ஆகப் போகிறது. அவற்றில் மார்பிள் ஒன்றும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளி ஒன்றும் ஜோடி சேர்ந்து, ஃபில்டர் இருக்கும் வலது பக்கத்தைப் பட்டா போட்டுக்கொண்டன. மற்ற இரண்டும் இடது மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

முதல் தடவை ஃபில்டர் குழாயில் முட்டையிட்டன. சாயங்காலம் பார்த்தேன், விடிந்தால் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை அமேசான் வாள் செடியின் இலையில். இரண்டு நாள் தாங்கியது, மூன்றாம் நாள் காலையில் இலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது தடவைதான் விஷயம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் அதே குழாயில் இட்டன. இந்தத் தடவை இரண்டும் மாறி மாறி நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. செவ்வாய் காலையில் முட்டைகள் இருந்த இடத்தில் ஏதோ நடுங்குகிறது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். என் மகள் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, வால் ஆடுது" என்றாள். கீழே விழுவதை ஆண் வாயில் கவ்வி எடுப்பதைப் பார்த்ததும், தின்கிறது என்று பதறிப்போனேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் குழாயிலேயே துப்பி ஒட்ட வைக்கிறது. அன்று ஆபீசுக்கு அரை மணி நேரம் தாமதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் எழுந்து நீந்த ஆரம்பித்தன. ஒரு சின்ன மேகம் மாதிரி. மகள் தொண்ணூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து விட்டேன், தீனியை நுணுக்கித் தூவினேன். திங்கள் சாயங்காலம் மேகம் பாதியாகிவிட்டது. செவ்வாய் ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். புதன் காலையில் எதுவும் இல்லை. ஒரு பிணம்கூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர் மட்டும் மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது.

போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 600 சொச்சம். வெப்பம் 29 டிகிரி. உள்ளே மூழ்கியிருக்கும் பவர் ஃபில்டர்.

யார் தின்றது? டெட்ராவா, அப்பா அம்மாவேவா? டெட்ராக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? நூறெல்லாம் வேண்டாம், நாலைந்து பெரிதானால் போதும். மகள் பள்ளியில் சொல்லிவிட்டாள்.

---

வாள்செடி (கோவை)

தனித் தொட்டி என்று சொல்லக்கூடாது என்கிறீர்கள். வாளி என்று சொல்லலாமா? முட்டையிட்ட இலையை அப்படியே கிள்ளி எடுத்து, தொட்டித் தண்ணீரையே ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் நிரப்பி, இலைக்குப் பக்கத்தில் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, தண்ணீர் லேசாக நீலமாகும் அளவுக்கு மெத்திலீன் ப்ளூ விடுங்கள். வெள்ளையாகிப் போன முட்டைகள் கருக்கட்டாதவை. அவற்றில் வரும் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும் என்பதற்காகத்தான் அந்த மருந்து. நான் இப்படித்தான் செய்கிறேன். எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர், மென்மையான நீர், அதனால் எனக்கு முட்டை அதிகம் வெளுக்காது. உங்கள் 600 டிடிஎஸ் பற்றி எனக்குச் சந்தேகம்தான்.

குழாயில் இட்டால் கிள்ள முடியாது. ஒரு சிலேட்டுப் பலகையைச் சட்டம் கழற்றி அந்தப் பக்கம் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

---

ரெண்டும்பொண்ணு (சேலம்)

தலைப்புக்குச் சம்பந்தம் கொஞ்சம் குறைவு, மன்னிக்கவும். என் "ஜோடி" ஐந்து தடவை முட்டையிட்டது. ஐந்து தடவையும் எல்லாமே வெள்ளை. நானும் தண்ணீரைக் குறை சொன்னேன், வாதுமை இலை போட்டேன், ஆர்ஓ தண்ணீர் கலந்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டுமே பெண். முட்டையிடும் நேரத்தில் அடிவயிற்றில் வெளியே வரும் குழலைப் பாருங்கள் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். பெண்ணுக்கு மொட்டையாக, தடிமனாக இருக்கும். ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். உங்களுக்குக் குஞ்சே வந்துவிட்டது, அதனால் அந்தக் கவலை இல்லை. பொறாமையில் எழுதுகிறேன்.

---

கொளத்தூர்மாடி (சென்னை)

தம்பி, நான் கொளத்தூரில் மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி 19 வருடம் மீன் பொரித்தவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இரண்டு கண்ணாடித் தொட்டியோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நாள் கணக்கை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பதில் இருக்கிறது.

யார் தின்றது என்று கேட்கிறீர்கள். பெரும்பாலான குஞ்சை யாரும் தின்னவில்லை. பட்டினி கிடந்து செத்தன. டெட்ரா தின்றிருந்தால் ஞாயிறு சாயங்காலமே கதை முடிந்திருக்கும். எட்டு பிளாக் விடோவுக்குத் தொண்ணூறு குஞ்சு ஒரு வேளைப் பலகாரம். ஞாயிறு முழு மேகம், திங்கள் பாதி, செவ்வாய் பத்து, புதன் பூஜ்யம் என்றால் அது பட்டினிக் கணக்கு. குழாயில் ஒட்டிக்கொண்டு வால் ஆட்டிய ஐந்து நாளும் வயிற்றில் இருந்த மஞ்சள் பையில் சாப்பிட்டன. எழுந்து நீந்துகிறது என்றால் அந்தப் பை காலி என்று அர்த்தம். அன்றைக்கே வாய்க்குள் ஏதாவது போக வேண்டும். இரண்டு நாள் போகவில்லை என்றால், மூன்றாம் நாள் நீங்கள் அமிர்தமே கொடுத்தாலும் அதற்குத் துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது. செத்தது கீழே விழும், ராத்திரி கோரி கூட்டிப் பெருக்கிவிடும். அதனால்தான் பிணம் இல்லை.

மஞ்சள் கரு கொடுத்தேன் என்பீர்கள். ஏஞ்சல் குஞ்சு வேட்டைக்காரப் பிள்ளை. அசைகிற பொருளைத்தான் அதற்கு இரையென்று தெரியும். மஞ்சள் கரு அசையாது. கீழே போய் அழுகும், தண்ணீர் மோராகும். எங்கள் தெருவில் ஆரம்பக்காரர்கள் எல்லோரும் ஒரு முறை மஞ்சள் கரு விட்டுத்தான் பாடம் படித்தார்கள், நானும்தான். ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும் பொடி இறால் மாதிரி உயிர்; பொரித்த அன்றே கொடுக்கிற அதன் குஞ்சு, அதற்கு மாற்று இல்லை. மாடியில் நாங்கள் மொய்னாப் பூச்சியைத் தனித் தொட்டியில் வளர்த்து, மெல்லிய துணியில் சலித்துப் பொடிப் பூச்சியாகக் கொடுப்போம். வீட்டுக்குள் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம், நாறும்.

அப்புறம் உங்கள் ஃபில்டர். அதன் வாயில் இருக்கும் இடுக்கில் குஞ்சு தாராளமாகப் போகும். திறந்து பஞ்சைக் கழுவும்போது பாருங்கள். எழுந்து நீந்துவதற்கு முன்பே அதன் வாயை மெல்லிய பஞ்சால் மூடுங்கள். அதைவிட நல்லது, ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஆனால் குஞ்சு வந்த அன்றைக்குப் புதுசாக வாங்கிப் போட்டால் பிரயோஜனம் இல்லை, அதில் நல்ல கிருமி குடியேறியிருக்காது. இன்றைக்கே வாங்கித் தொட்டியில் போட்டுவிடுங்கள், அடுத்த முட்டை பொரிக்கும்போது பழகியிருக்கும்.

தாய் தகப்பன் மேல் சந்தேகப்படாதீர்கள். முதல் இரண்டு ஈடு தின்றிருக்கலாம், இளம் ஜோடி அப்படித்தான். மூன்றாவதில் விழுந்ததை எடுத்து ஒட்ட வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டன. கடையில் கிடைக்கிற ஏஞ்சல் பலதும் பெற்றவரைப் பார்க்காமலே ஜாடியில் வளர்ந்தவை. அப்படியிருந்தும் இவற்றுக்கு இது தெரிகிறது என்றால் அந்த ஜோடியை விட்டுவிடாதீர்கள். பகலில் எட்டு டெட்ராவையும் இரண்டே பேர் சமாளிப்பார்கள். ராத்திரிதான் ஆபத்து. இருட்டில் அவற்றுக்கும் கண் தெரியாது. டேங்க் கிளீனருக்குக் கண் தேவையில்லை, தடவிக்கொண்டே வரும். உங்கள் இரண்டாவது ஈட்டின் இலையை துடைத்து வைத்தது அவன்தான் என்று பந்தயம் கட்டுவேன். அவனைக் கடையில் கொடுத்துவிடுங்கள், உள்ளங்கை நீளம் என்பது அவனுக்கு ஆரம்பம்தான். தொட்டியின் வலது பக்கத்துக்கு மேலே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டு ராத்திரி முழுக்க எரிய விடுங்கள். மகளிடம் சொல்லுங்கள், டார்ச் வேண்டாம். திடீரென்று வெளிச்சம் பட்டால் மிரண்டு தாங்களே தின்றுவிடும்.

டெட்ராக்களைக் கொடுக்க வேண்டாம். இது என் அனுபவம், மற்றவர்கள் மறுக்கலாம். எதிரியே இல்லாத தொட்டியில் ஜோடி ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பிக்கும். துரத்த நாலு பேர் இருந்தால் புருஷன் பெண்டாட்டி ஒற்றுமையாக இருக்கும். வேண்டுமானால் கொசு வலையை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூன்றில் இரண்டு பங்கை ஜோடிக்கு விட்டு நடுவில் தடுப்பு வையுங்கள். சில குஞ்சு அந்தப் பக்கம் நழுவும், அது போகட்டும். எனக்கு உண்மையில் பயம் உங்கள் மற்ற இரண்டு ஏஞ்சலைப் பற்றித்தான். அவற்றுக்குக் குஞ்சு எங்கே இருக்கிறது என்று டெட்ராவைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது தீனி கொடுக்கிற முறை. பொதுத் தொட்டியில் பலரும் தோற்பது இங்கேதான். ஆர்ட்டீமியாவை மேலே ஊற்றினால் டெட்ராக்கள் விருந்து சாப்பிடும், குஞ்சு வேடிக்கை பார்க்கும். அதனால் முதலில் இடது ஓரத்தில் டெட்ராக்களுக்கு வயிறு முட்டத் தீனி போடுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஊசி போடாத சிரிஞ்சில் ஒரு சாண் ஏர் டியூப் மாட்டி, அதன் வழியே குஞ்சு மேகத்துக்கு நடுவிலேயே மெதுவாக விடுங்கள். பத்து நிமிடத்தில் கண்ணாடியோரம் குனிந்து பாருங்கள். சாப்பிட்ட குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரியும். தெரியவில்லை என்றால் கொடுத்ததாகக் கணக்கில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஆர்ட்டீமியா வெளிச்சத்தைத் தேடி வரும். ஜீரோ வாட்ஸ் பல்பு இருக்கும் பக்கம் இரை கூடும், அங்கேயே குஞ்சும் நிற்கும்.

நாலைந்து போதும் என்கிறீர்கள். இருநூறு முட்டையில் பொதுத் தொட்டியில் பத்து தேறினால் நான் கைதட்டுவேன். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் சூதாட்டத்தைப் பாதியாக்குவேன். வால் ஆட்டிக்கொண்டு ஒட்டியிருக்கும் நாட்களில், நான்காம் ஐந்தாம் நாள், ஒரு ஏர் டியூபால் ஐம்பது அறுபதை உறிஞ்சி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் விடுவேன். அந்தச் சமயத்தில்தான் பிடிப்பது சுலபம், ஓடாது. நீந்த ஆரம்பித்த பிறகு கை வைத்தால் எல்லாம் சிதறும், பெற்றவரும் மூர்க்கமாகிவிடும். ஹாலில் தொட்டிக்கு இடமில்லை, சரி. மேசைக்கு அடியில் ஒரு டப்பாவுக்கு இடம் இருக்குமே? மீதி பெற்றவரிடமே இருக்கட்டும். மகளுக்கு வேடிக்கை பார்க்க அது, பிழைக்க வைக்க இது.

டப்பாவில் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தொட்டியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து பதினைந்து சதவீதம். தண்ணீர் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். டிடிஎஸ் பற்றிக் கோவைத் தம்பி சொன்னார். ஏஞ்சலின் பூர்வீகம் அமேசான், அங்கே தண்ணீர் மென்மை, உண்மைதான். ஆனால் உங்களிடம் இருப்பது அங்கிருந்து வந்ததல்ல, எத்தனையோ தலைமுறையாகத் தொட்டியில் பிறந்து பிறந்து வந்தது. நான் கிணற்றுத் தண்ணீரில்தான் பொரித்தேன். உங்கள் மூன்றாவது ஈடே பொரித்துவிட்டதே, பிறகென்ன?

மூன்று நான்கு வாரத்தில் ஏஞ்சல் வடிவம் வரும். அதுவரை சாதாரண மீன் குஞ்சு மாதிரிதான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும்.

---

உப்பளத்துக்காரி (தூத்துக்குடி)

கொளத்தூர் அண்ணாச்சி சொன்னதில் எனக்குப் பேச இடம் இருக்கிற ஒரே விஷயம் ஆர்ட்டீமியா. அது எங்கள் ஊர்க்காரி.

கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. உப்பளத்தில் வெயில் ஏற ஏறப் பாத்திப் பாத்தியாக அது கூடிக்கொண்டே போகும். நூறு கிராமைத் தாண்டும் பாத்திகளில் மீன் எதுவும் உயிரோடு இருக்காது, அங்கேதான் ஆர்ட்டீமியா நிம்மதியாக இருக்கும். தின்ன ஆள் இல்லாத இடம். எங்கள் பக்கத்துப் பழைய உள்ளூர் வகையில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், தானாகவே குஞ்சு பொரிக்கும். காற்றடித்தால் பாத்தியின் ஓரத்தில் காப்பித்தூள் மாதிரி ஒதுங்கும், அதுதான் அதன் முட்டை. காய்ந்துபோய் வருடக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டால் உயிர் வரும். அக்டோபரில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் மூழ்கிவிடும்.

எங்கள் ஊர் ஆர்ட்டீமியாவை அள்ளி வந்து குஞ்சுக்குக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வளர்ந்தது ஒரு செண்டிமீட்டர் வரை இருக்கும், குஞ்சைவிடப் பெரிசு. பெற்றவருக்குக் கொடுங்கள், அடுத்த முட்டை நன்றாக வரும். குஞ்சுக்கு முட்டையிலிருந்து அன்று பொரித்ததுதான், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. டப்பாவில் அடைத்த முட்டையையே வாங்குங்கள். அதில் நிறைய அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருவது.

ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, அயோடின் கலந்த தூள் வேண்டாம். அரை டீஸ்பூன் முட்டை. ஏர் டியூப் மூடி வரை கீழே இறங்கி நன்றாகக் குமிழியிட வேண்டும், முட்டை அடியில் தேங்கக்கூடாது. பக்கத்தில் ஒரு பல்பு. மதுரை வெயிலுக்கு 24 மணி நேரம் போதும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே ஆரஞ்சாக இறங்கும். கீழிருந்து உறிஞ்சி, கைக்குட்டைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிக் கொடுங்கள். ஓடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குஞ்சு விழுங்கினால் வயிறு அடைத்துக்கொள்ளும்.

இரண்டு பாட்டில் வையுங்கள், ஒரு நாள் இடைவெளியில். பொரித்து நேரம் ஆக ஆக ஆர்ட்டீமியா தன் சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். நேற்றையதில் இன்று சத்து குறைந்திருக்கும். இன்னொன்று, மறக்காமல் செய்யுங்கள்: ஏஞ்சல் முட்டையிட்ட அன்றைக்கே ஒரு ஒத்திகை பாட்டில் ஓட்டிப் பாருங்கள். வாங்கிய டப்பா பழசாக இருந்து பொரிக்காமல் போனால், அது குஞ்சு நீந்துகிற ஞாயிற்றுக்கிழமையில் தெரியக்கூடாது.

---

மூணடித்தொட்டி (மதுரை)

பட்டினி என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. டெட்ராதான் தின்றது என்று நினைத்து இரண்டு நாளாக அவற்றை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொளத்தூர் ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் பகுதியில் கரண்ட் போனால் சில நாள் மூன்று நான்கு மணி நேரம். டப்பாவில் ஐம்பது குஞ்சு அதைத் தாங்குமா?

---

கொளத்தூர்மாடி (சென்னை)

தண்ணீர் சுத்தமாக இருந்தால் தாங்கும். ஆர்ட்டீமியாவை அள்ளிக் கொட்டிய பிறகு கரண்ட் போனால் தாங்காது. தின்னாத இரை செத்து அழுகும், அதுதான் காற்றைக் குடிக்கும். பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் டம்ளரால் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். நான் அப்படி விடிய விடிய ஊற்றியிருக்கிறேன்.

---

மூணடித்தொட்டி (மதுரை)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கேட்டுவிட்டு ஓடிப்போனான் என்று நினைத்திருப்பீர்கள்.

டேங்க் கிளீனரைக் கடையில் கொடுத்தேன். பணம் தரவில்லை, வாங்கிக்கொண்டதே உதவி என்கிற மாதிரி பார்த்தார். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜீரோ வாட்ஸ் பல்பு, கொசு வலைத் தடுப்பு, எல்லாம் ஆயிற்று. மகளின் பழைய சிலேட்டைச் சட்டம் கழற்றிச் சாய்த்து வைத்தேன். ஜோடி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழையபடி ஃபில்டர் குழாயிலேயே இட்டுவிட்டது.

தூத்துக்குடி அக்காவின் ஒத்திகை யோசனை எங்களைக் காப்பாற்றியது. முதல் பாட்டில் பொரிக்கவே இல்லை. முட்டை நல்லதுதான், தப்பு என்னுடையது. ஒரு சிட்டிகை உப்பு போதும் என்று ஏனோ நினைத்திருந்தேன், சமையல் கணக்கு. இரண்டாவது பாட்டிலுக்கு மளிகைக் கடைத் தராசில் 25 கிராம் நிறுத்து வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் பாட்டிலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திரள், பல்பைப் பார்த்துக் குவிந்து நின்றது. பாட்டில் இருந்த இடம் ஃப்ரிட்ஜின் மேல். நான்காம் நாள் என் மனைவி சொன்னது: "வீடு ராமேஸ்வரம் மாதிரி நாறுது." பாட்டில்கள் குளியலறை ஜன்னலுக்குப் போயின.

ஐந்தாம் நாள் டியூபால் 62 உறிஞ்சி எடுத்தேன். ஆண் என் கையைக் கொத்தியது. வலிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மீதி எத்தனை என்று தெரியாது, நூறு இருக்கலாம்.

எழுந்து நீந்திய அன்று சிரிஞ்சால் விட்டோம். பத்து நிமிடம் கழித்து மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்து, வயிறு ஆரஞ்சு, வயிறு ஆரஞ்சு என்று கத்தினாள். அதற்கு முன் டெட்ராக்களுக்கு நான் போட்ட தீனியைக் கணக்குப் பார்த்தால் அந்த மாதம் அவை ஒரு சுற்று பெருத்திருக்கும்.

இழப்பு சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி சாப்பாடு கொடுத்த கையோடு கரண்ட் போய்விட்டது. ஐயா சொன்ன அதே தப்பு. பேட்டரி மோட்டார் இருந்தது, பேட்டரி இல்லை. டிவி ரிமோட்டுக்குப் போயிருந்தது. நானும் மகளும் பதினொன்றரை வரை டம்ளரால் மொண்டு ஊற்றினோம். அவள் தூங்கிப்போன பிறகு நான் ஒன்றரை வரை. காலையில் டப்பாவின் அடியிலிருந்து இருபதுக்கு மேல் எடுத்தேன்.

இன்று ஏழு வாரம். டப்பாவில் 31. பெரிய தொட்டியில் பெற்றவரிடம் வளர்ந்ததில் 4. வலைக்கு அந்தப் பக்கம் நழுவியவை எங்கே போயின என்பது இடது மூலை ஏஞ்சல்கள் இரண்டுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நான்கும் டப்பாவில் இருப்பவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரிது. துடுப்பு நீண்டு, நிமிர்ந்து நிற்கின்றன. டப்பா மீன்களில் மூன்றுக்கு நெஞ்சுக்குக் கீழே தொங்கும் நூல் துடுப்பு ஒரு பக்கம் இல்லை. இது பரம்பரையா, என் தப்பா?

மூன்றாவது வாரம் நடந்த ஒன்று. அதுவரை குச்சி மாதிரி இருந்தவற்றில் ஒன்றை மகள் காட்டினாள். மேலும் கீழும் துடுப்பு துளிர்த்து, சரியாக ஒரு அம்பு நுனி. அவ்வளவு சின்ன ஏஞ்சல். அன்று இரண்டு பேரும் டிவி பக்கமே திரும்பவில்லை. அன்றைக்குத்தான் பழைய குஞ்சுகள் பட்டினியால் போயின என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய் டெட்ராக்களுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டாள்.

இப்போது புதுப் பிரச்சினை. வியாழக்கிழமை ஜோடி மறுபடியும் முட்டையிட்டுவிட்டது, இந்த முறை புது ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குழாயில். தாங்களே வளர்த்த நான்கையும் இப்போது துரத்துகின்றன. ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கிறது. மேசைக்கு அடியில் இடம் இல்லை.

---

கொளத்தூர்மாடி (சென்னை)

துரத்தத்தான் செய்யும். அவற்றுக்கு அது பழைய பிள்ளை. இன்றைக்கே நான்கையும் எடுத்து டப்பாவில் போடுங்கள், நாளைக்கு வேண்டாம். வால் வளர்ந்துவிடும்.

பெரியது ஏன் பெரியது என்றால், 31 பேர் 20 லிட்டரில் மூன்றாவது வாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நெருக்கத்திலும் அழுக்கிலும் வளர்ந்தால் நூல் துடுப்பு போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் தப்பு என்றுதான் சொல்வேன், கோபிக்காதீர்கள். அந்த மூன்றையும் விற்காமல் யாருக்காவது சும்மா கொடுங்கள்.

காசு அளவுக்கு வந்துவிட்டவற்றில் இருபதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். பணம் கேட்காதீர்கள், ஆர்ட்டீமியா டப்பா ஒன்றும் பேட்டரி நான்கும் கேளுங்கள். வியாழக்கிழமை முட்டை என்றால் அடுத்த வெள்ளிவாக்கில் நீந்தும். பாட்டிலைப் புதன் ராத்திரி போட்டுவிடுங்கள்.